பக்கத்து வகுப்பில் போய் உட்கார்ந்த 30 நிமிடம்

போன வாரம் எங்கள் தமிழ்ப்பள்ளியில், பக்கத்து அறையில், இரண்டாம் ஆண்டு கணித வகுப்பில், ஒரு பாடவேளை முழுக்க உட்கார்ந்திருந்தேன். அந்த டீச்சர் என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். அவரேதான் கூப்பிட்டார். "அக்கா, கழித்தல் பிள்ளைகளுக்கு ஏறவே மாட்டேங்குது. ஒரு நாள் வந்து பிள்ளைகளைப் பாருங்களேன்" என்றார். தன்னைப் பார்க்கச் சொல்லவில்லை, பிள்ளைகளைப் பார்க்கச் சொன்னார். 19 வருட ஆசிரியர் வேலையில் யாரும் என்னை அப்படி அழைத்ததில்லை. நானும் யாரையும் அழைத்ததில்லை.

அன்றைய கணக்கு 52 - 27. டீச்சர் நன்றாகத்தான் நடத்தினார். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ஐஸ்கிரீம் குச்சிகள், ஒரு கட்டைப் பிரித்து ஒன்றுகளோடு சேர்ப்பது, பிறகு பலகையில் எண்ணாக எழுதிக் காட்டுவது என்று வரிசையாகப் போனது. நான் கடைசி வரிசையில் ஜன்னலோரம் இருந்த ஒரு பையனின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். அவன் 35 என்று எழுதினான். இரண்டிலிருந்து ஏழு போகாது என்றதும் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டான். சற்று நேரத்தில் பலகையில் 25 வந்தது. உடனே விரலை எச்சில் தொட்டு 35-ஐத் தேய்த்தான். தாள் லேசாகக் கிழிந்தது. கிழிந்த இடத்தின்மேல் 25 என்று அழுத்தி எழுதினான். டீச்சர் சுற்றி வந்தபோது நோட்டில் 25 இருந்தது. சரி போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அடுத்த கணக்கு 61 - 34. அவன் எழுதியது 33. பலகையில் 27 வரும்வரை காத்திருந்து அதையும் மாற்றிக்கொண்டான்.

அந்த டீச்சர்மேல் ஒரு தப்பும் இல்லை. முன்னால் நின்று பாடம் நடத்துகிறவருக்குக் கடைசி வரிசை விரலும் எச்சிலும் தெரியாது, தெரியவும் முடியாது. நானும் இதே கணக்கை எத்தனையோ வருடம் நடத்தியிருக்கிறேன். கிழிந்த தாளின்மேல் இருந்த எத்தனை 25-க்கு நான் சரி போட்டேனோ என்று நினைத்தபோது அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை. அரசாங்கம் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிப் பல வருடங்கள் ஆகிவிட்டன, எங்கள் வாயில் இன்னும் பெர்ஜுந்தைதான். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் தோட்டம் 1917-இல் இந்த வட்டாரத்தில்தான் தொடங்கியது. என் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த ஆட்கள். நான் படித்தது தோட்டப் பள்ளியில். பழைய கதையை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று சொன்னது. பல தோட்டங்களில் பள்ளி என்றால் ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார். சில இடங்களில் கிராணியோ (தோட்ட எழுத்தர்) கங்காணியோதான் (தொழிலாளர் மேற்பார்வையாளர்) வாத்தியார். எல்லா வகுப்பையும் அவர் ஒருவரே பார்த்தார். யாரையும் பார்த்துக் கற்றுக்கொள்ள வழியில்லை, அவரை வந்து பார்க்கவும் ஆளில்லை. இன்று நம் பள்ளிகளில் கட்டடம் இருக்கிறது, பட்டம் பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் மணி அடித்ததும் அவரவர் அறைக்குள் போய்த் தனியாக நிற்கிற அந்தப் பழக்கம் மட்டும் நம்மோடு வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

'வகுப்பைப் பார்க்க வருகிறேன்' என்றாலே நமக்கு வயிறு கலங்குவது ஏன் என்று நம் ஆசிரியர்களுக்குத் தெரியும். பென்சராப்பான், அதாவது அதிகாரிகள் வந்து வகுப்பை மதிப்பிடுவது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஓர் அதிகாரி வந்தார். மதிப்பீட்டுப் பாரத்தை (படிவத்தை) மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார், தலை நிமிராமல் எழுதினார், எழுந்து போனார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. 'குரல் போதவில்லை' என்று எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. அடுத்த இரண்டு வருடம் நான் வகுப்பில் கத்திக்கொண்டே இருந்தேன். பிள்ளைகள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

2017-இல் வந்த எஸ்.கே.பி.எம். (மலேசியக் கல்வித் தர அளவுகோல்) இரண்டாம் அலையில், வகுப்பறைக்கான நான்காம் தரத்தை எடுத்துப் பாருங்கள். மொத்தம் ஆறு கூறுகள். திட்டமிடுபவர், கட்டுப்படுத்துபவர், வழிகாட்டுபவர், ஊக்குவிப்பவர், மதிப்பிடுபவர் என ஐந்து கூறுகள் ஆசிரியரைப் பற்றியவை. ஆறாவதாகத்தான் மாணவர் வருகிறார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆசிரியரை மதிப்பிட ஒரு கருவி வேண்டும்தான். ஆனால் சக ஆசிரியர் ஒருவர் என் வகுப்புக்கு வரும்போதும் அதே பாரத்தைக் கையில் கொடுத்து அனுப்புகிறோமே, அதுதான் என் வருத்தம். புள்ளி போட வந்தவர் ஆசிரியரைத்தான் பார்ப்பார். பையனின் விரலைப் பார்க்க அவருக்கு எங்கே நேரம்?

ஜப்பானில் பாட ஆய்வு என்பது மெய்ஜி காலத்திலிருந்து வரும் பழக்கம். ஜுக்யோ கென்க்யூ என்பார்கள். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் பிள்ளைகளின் மேசையோரம் நின்று, எந்தப் பிள்ளை எங்கே தடுக்குகிறது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். நடத்தியவர்தான் முதலில் பேசுவார். பாடத்தைத் திருத்தி இன்னொரு வகுப்பில் மறுபடி நடத்திப் பார்ப்பதும் உண்டு. நம் நாட்டில் இது பி.எல்.சி. என்ற ஆசிரியர் கற்றல் குழுத் திட்டத்தின் ஒரு பகுதியாக 2011-இல் வந்தது. ஆனால் நான் கண்ட பல இடங்களில் அது ஒரு பேனர், ஒரு குழுப்படம், ஓ.பி.ஆர். என்ற ஒரு பக்க அறிக்கை என்று முடிந்துவிடுகிறது. அறிக்கை எழுதுகிற நேரத்தில் இன்னொரு வகுப்பைப் போய்ப் பார்த்துவிடலாம் என்று மனம் அடித்துக்கொள்ளும்.

சரி, நான் பார்த்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்ததையும் சொல்ல வேண்டும்.

இரண்டு நாள் கழித்து அவர் என் மூன்றாம் ஆண்டுத் தமிழ்மொழி வகுப்புக்கு வந்தார். ஒரு தாளில் மேசைகளைக் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டு, யார் பதில் சொன்னாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். அவ்வளவுதான். ஓய்வு நேரத்தில் கேண்டீனில் தாளை என்னிடம் நீட்டினார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க." நான் கேட்ட கேள்விகள் 31. அதில் 22-க்குப் பதில் சொன்னது அதே நான்கு பிள்ளைகள். ஒன்பது கட்டங்களில் ஒரு கோடுகூட இல்லை. "நீங்க கேள்வி கேட்டுட்டுக் காத்திருக்கவே இல்லை. கை தூக்கினவங்களை உடனே கூப்பிட்டுடறீங்க" என்றார். முகம் சுட்டது, உண்மைதான். என் வகுப்பு கலகலப்பான வகுப்பு என்று ஊரே சொல்லும். அந்தக் கலகலப்பு நான்கு பேருடையது.

1970-களில் அமெரிக்காவில் மேரி பட் ரோவ் என்பவர் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு இதை அளந்திருக்கிறார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பொறுப்பது பெரும்பாலும் ஒரு விநாடிதான். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீளுகின்றன, அதுவரை வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள். கல்லூரியில் நான் படித்ததுதான் இது, தேர்விலும் எழுதினேன். என் வகுப்பில் நான் செய்வதில்லை என்பதை ஒரு தாளும் 31 கோடுகளும்தான் எனக்குக் காட்டின. இப்போது கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிறேன். அந்த மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆறாம் ஆண்டு அரசாங்கத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021-இல் போய்விட்டது. இப்போது ஒரு பிள்ளை அடைவுநிலை நான்கா ஐந்தா என்று முடிவு செய்வது வகுப்பாசிரியராகிய நாம்தான். என் நான்கும் உங்கள் நான்கும் ஒன்றா? ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்காமல் இதை எப்படிச் சொல்வது? பெற்றோர் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

நேரம் எங்கே என்பீர்கள். நியாயமான கேள்வி. வராத ஆசிரியருக்குப் பதிலாகப் பார்க்கிற ரிலீஃப் வகுப்புக்கே ஆள் போதவில்லை. 150 மாணவருக்கும் குறைவான பள்ளிகள் நம்மிடம் நிறைய. அங்கே ஓர் ஆண்டுக்கு ஒரே வகுப்புதான், அதே பாடத்தை நடத்துகிற இன்னோர் ஆசிரியர் பள்ளியிலேயே இருக்க மாட்டார். அப்படியென்றால் பக்கத்துப் பள்ளிக்குப் போகலாம். எங்கள் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் கால்மணி நேரம். தலைமையாசிரியர்கள் மனம் வைத்து, ஓர் ஆசிரியருக்கு ஒரு தவணையில் இரண்டே பாடவேளைகளைக் கால அட்டவணையிலேயே ஒதுக்கித் தர வேண்டும். பாரம் வேண்டாம், புள்ளி வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். பார்த்ததைப் பார்த்தவரும் நடத்தியவரும் மட்டும் பேசிக்கொள்ளட்டும். எங்கள் பள்ளியில் மூத்த ஆசிரியர் ஒருவர் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. என்னைக் கத்த வைத்த அந்தக் காகிதத்தைப் போல அவரிடமும் ஏதாவது இருக்கும். கதவை வேண்டியவர்கள் திறக்கட்டும், அது போதும்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அன்று மதியம் டீச்சர் அவனை அழைத்து, 52 குச்சியை மேசையில் வைத்து 27-ஐ எடுக்கச் சொன்னார். கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றி, எண்ணி எடுத்து, "25 டீச்சர்" என்றான். குச்சியில் தெரிகிறது, எண்ணாக எழுதும்போதுதான் தொலைகிறது. இருவரும் சேர்ந்து பாடத்தை மாற்றி எழுதியிருக்கிறோம். செவ்வாய்க்கிழமை மறுபடியும் அந்த வகுப்பில் போய் உட்காரப் போகிறேன். இந்த முறை டீச்சர் பலகையில் முதலில் 35 என்றே எழுதப் போகிறார். ஒருவருக்கு இந்த விடை எப்படி வந்திருக்கும் என்று பிள்ளைகளைக் கேட்டுவிட்டு, மூன்று விநாடி காத்திருப்பார்.