யூனிட்டாம் யூனிட்!

பில்லில் 3 யூனிட் எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்த மணல், என்று போட்டிருக்கிறது. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. வாசலில் கொட்டிக் கிடப்பது எந்தக் கணக்கில் 3 யூனிட்? வீடு கட்டுகிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் ஒரு தடவையாவது வயிறு எரிந்திருக்கும்.

டிப்பர் வந்து நின்றதும் டிரைவர் டேப்பை எடுத்து வண்டிக்கு வெளிப்பக்கம் வைக்கிறார். நீளம் 14 அடி, அகலம் 7.5, உயரம் 3. பெருக்கினால் 315 கன அடி. "மூணு யூனிட்டுக்கு மேலேயே இருக்கு சார், கொட்டிடவா?" ஏன்யா, மணல் தொட்டிக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே ஒட்டிக்கொண்டு வந்ததா? மேலே ஏறி உள்கூடு பிடித்துப் பாருங்கள்: நீளம் 13.5, அகலம் 7. தகடும் சட்டமும் மணல் கணக்கில் சேர்ந்திருக்கின்றன.

சரி, உயரமாவது 3 அடி இருக்கிறதா என்று ஒரு கம்பியை ஐந்து இடத்தில் அடித்தகடு தட்டுகிற வரை குத்தினால், கேபினை ஒட்டி 3, நடுவில் 2.75, இரண்டு ஓரங்களில் 2.5, 2.25, பின்கதவுப் பக்கம் 2. சராசரி 2.5 அடி. முன்னால் குவித்துவிட்டுப் பின்னால் சரித்து வைத்தால் தரையில் நின்று பார்க்கிறவன் கண்ணுக்கு வண்டி நிறைந்துதான் தெரியும். 13.5, 7, 2.5 மூன்றையும் பெருக்கினால் 236 கன அடி. 3 யூனிட் என்றால் 300 இருக்க வேண்டும். ஆக, 64 கன அடியைக் காணோம். கேட்டால் "வர்ற வழியில அமுங்கிடுச்சு சார்". பிறகு "கிரஷர்லயே அப்படித்தான் போடுறாங்க". பிறகு "ஓனர்கிட்ட பேசிக்கோங்க". ஓனரைக் கூப்பிட்டால் "எல்லா வண்டியும் அதே அளவுதான் சார், யாருமே கேட்டதில்ல" என்கிறார். யாருமே கேட்காததுதானே உங்களுக்கு வசதி!

இன்னும் முடியவில்லை. அந்த 236-ம் ஈர மணல். நூற்றுக்கு 5 பங்கு ஈரம் இருந்தால் போதும், மணிகளைச் சுற்றி நீர் படலமாக ஒட்டிக்கொண்டு ஒன்றையொன்று தள்ளிவிடும். மொத்தக் கொள்ளளவு 20 சதவீதம் உப்பிப் பெருகும். மணல் பொடியாக இருந்தால் அதற்கு மேலும் உப்பும். 20 என்றே வைத்துக்கொண்டாலும் உண்மையான மணல் 197 கன அடிதான். 3 யூனிட்டுக்குப் பணம் கொடுத்தவர் கைக்கு 2 யூனிட்கூட முழுதாக வரவில்லை. ஜல்லியில் இந்த உப்பல் கிடையாது, கல் பெரிது. மணலில்தான் தண்ணீரைக் காசாக்குகிறார்கள்.

சந்தேகம் இருந்தால் கொட்டுவதற்கு முன்பே சோதித்துவிடலாம். நேர்ச்சுவர் உள்ள கண்ணாடி டம்ளரில் முக்கால் அளவுக்கு ஈர மணலை அமுக்காமல் போட்டு உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மணலை வெளியே தட்டி, பாதி டம்ளர் தண்ணீர் ஊற்றி, அதே மணலைத் திரும்பப் போட்டுக் குச்சியால் கிளறுங்கள். நீரில் முழுக முழுக அந்தப் படலம் உடைந்து மணல் படிந்துவிடும். 12 செ.மீ. இருந்தது 10 ஆகிவிட்டால் உப்பல் 20 சதவீதம். அதைக் கழித்துக்கொண்டுதான் காசு கொடுக்க வேண்டும். எடைமேடைச் சீட்டை மட்டும் நம்பினாலும் ஏமாற்றம்தான், அதில் தண்ணீரும் சேர்ந்தே நிற்கும்.

2009-ல் வந்த சட்டமுறை எடையளவுச் சட்டப்படி விலை சொல்வதும் பில் போடுவதும் மெட்ரிக் அளவில்தான் இருக்க வேண்டும். 1 யூனிட் என்பது 2.83 கன மீட்டர். அப்படி எழுதச் சொன்னால் ஒரு கடைக்காரரும் எழுத மாட்டார். எழுதினால் அளந்து காட்ட வேண்டுமே!

கரண்டு யூனிட்டில் இந்த வம்பு இல்லை. 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட், சீல் வைத்த மீட்டர் எண்ணிக்கொள்கிறது. வாயால் சொல்கிற யூனிட்தான் ஆளைக் கவிழ்க்கிறது. மணலில் போவது பணம். இன்சுலினில் போவது உயிர். 20 யூனிட் என்று டாக்டர் எழுதுகிறார். மருந்துக் கடையில் மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் இருக்கிறது, 100 யூனிட் குப்பியும் இருக்கிறது. 40-க்குச் சிவப்பு மூடி ஊசி, 100-க்கு ஆரஞ்சு மூடி ஊசி. கையில் கிடைத்த ஊசியை எடுத்துக் கொடுக்கிறார்கள்! 40 யூனிட் குப்பி மருந்தை ஆரஞ்சு ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான், சர்க்கரை இறங்காது. 100 யூனிட் குப்பி மருந்தைச் சிவப்பு ஊசியில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும், ஆள் மயங்கி விழுவார். குப்பியில் உள்ள எண்ணும் ஊசியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்துக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? தயவுசெய்து நீங்களாவது பார்த்து வாங்குங்கள்.

ரத்தத்திலும் இதே கதை. "2 யூனிட் வேணும்" என்று மட்டும் எழுதினால் எதைத் தேடுவது? முழு ரத்தமா, சிவப்பணுவா, தட்டணுவா (பிளேட்லெட்)? கொடையாளரிடம் எடுக்கிற பையே 350 மில்லியும் உண்டு, 450 மில்லியும் உண்டு. சிவப்பணு வாரக்கணக்கில் தாங்கும், தட்டணு 5 நாளில் வீண்.

ரத்தம் கேட்டு வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளில் தேதி போடாமல் அனுப்புகிறவர்களை என்ன செய்வது? "அவசரம், உடனே பகிரவும்" என்று இருக்கும். நம்பரை அழைத்தால் நோயாளி குணமாகி வீடு திரும்பி மாசக்கணக்கு ஆகியிருக்கும். அந்தக் குடும்பம் இன்னும் போனை எடுத்து எடுத்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு தேதி போடுங்களேன் சாமி!