பிறை காணாமல் பெருநாளா?

மட்டக்களப்பில் எங்கள் பாடசாலையில் ஒளிவிழா, அதாவது நத்தார் கலைவிழா, நவம்பர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை என்று முடிவாகிவிட்டது. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் வருகிறது. பாலன் இயேசுவுக்காகக் காத்திருக்கத் தொடங்கும் முன்னரே அவர் பிறந்து, இடையர்கள் வந்து, மூன்று இராசாக்களும் வந்து, நத்தார் பாப்பா இனிப்புக் கொடுத்து, எல்லோரும் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவோம்.

ஆசிரியர் கூட்டத்தில் கையை உயர்த்தி, "ஜனவரியில் பாடசாலை தொடங்கியதும் வைத்தால் என்ன?" என்று கேட்டேன். சிரித்தார்கள். "நத்தார் முடிந்த பிறகு ஒளிவிழாவை யார் பார்ப்பது டீச்சர்?" என்றார் ஒருவர். அந்த நேரம் பதில் வாயில் வரவில்லை. வீட்டுக்கு வந்து மீன் கழுவும்போது வந்தது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நத்தார் டிசம்பர் 25இல் முடிவதில்லை. அன்றுதான் தொடங்குகிறது. திருச்சபையின் நாட்காட்டியில் அது இராசாக்கள் வந்ததைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழாவைத் தாண்டி, ஆண்டவரின் திருமுழுக்குத் திருநாள் வரை ஓடுகிறது. அதற்கு முந்திய நான்கு ஞாயிறுகளும் ஊதா நிறத்துக்கு உரியவை. ஞாயிறு பூசையில் வானவர் கீதம் கூடப் பாடுவதில்லை. நள்ளிரவில் மணிகள் அடிக்க அது திரும்பி வரும்போது மயிர்க்கூச்செறிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கட்டுப்பாடு. நாம் என்ன செய்கிறோம்? நவம்பரிலேயே ஒலிபெருக்கி கட்டி எல்லாவற்றையும் பாடித் தீர்த்துவிட்டு, 26ஆம் திகதி காலையில் மின்விளக்குகளைச் சுருட்டிப் பெட்டியில் போடுகிறோம்.

இரண்டு வருடங்களுக்கு முன் என் மகனுக்கு நான்கு வயது. டிசம்பர் 20க்குள் ஐந்து நத்தார் பாப்பாக்களைக் கண்டுவிட்டான். முன்பள்ளியில் ஒருவர், என் பாடசாலையில் ஒருவர், கணவரின் அலுவலகத்தில் ஒருவர், மறைக்கல்வி வகுப்பில் ஒருவர், நகரத்தில் ஒரு துணிக்கடை வாசலில் ஒருவர். முன்பள்ளிக்கு வந்தவர் வான் ஓட்டும் மாமாதான் என்பதைச் செருப்பை வைத்தே கண்டுபிடித்துவிட்டான். அலுவலகத்துக்கு வந்தவரிடம், "நீங்கள் போன கிழமையும் வந்தீர்கள்" என்று முகத்துக்கு நேரே சொன்னான். 24ஆம் திகதி இரவு பூசைக்கு உடுப்பு மாற்றும்போது, "நத்தார் எல்லாம் முடிந்துவிட்டதுதானே அம்மா, நான் நித்திரை கொள்கிறேன்" என்றான். கோபிக்க முடியவில்லை. அவன் கணக்கு சரி. அந்த ஐந்தில் இரண்டு விழாக்களுக்கு நாடகம் எழுதிக்கொடுத்தவளும் நான்தான்.

எங்களைச் சுற்றி இருப்பவர்களைப் பாருங்கள். மாமாங்கக் கோயிலில் கொடியேறாமல் தேர் ஓடுமா? ஆடி அமாவாசைத் தீர்த்தத்தை, கூட்டம் குறைவாக இருக்கும் என்று ஆனியில் ஆடிவிடுகிறார்களா? முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடியில் பிறை காணாமல் யாராவது பெருநாள் கொண்டாடுகிறார்களா? 2025 மார்ச்சில் அவர்களுடைய நோன்பும் எங்கள் தவக்காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே நடந்தன. என்னோடு படிப்பிக்கும் முஸ்லிம் ஆசிரியை மாலையில் நோன்புக் கஞ்சி கொடுத்துவிடுவார். "அவர்கள் சூரியன் போகும்வரை தண்ணீர்கூடக் குடிப்பதில்லையாம். நாங்கள் ஏன் வெள்ளிக்கிழமை இறைச்சியை மட்டும் விடுகிறோம்?" என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. என்னிடம் நல்ல பதில் இல்லை. அதே வருடம் ஏப்ரல் 13 குருத்தோலை ஞாயிறு, மறுநாள் சித்திரைப் புத்தாண்டு. பரிசுத்த வாரத் திங்களன்று பக்கத்து வீட்டிலிருந்து பயற்றம் பணியாரமும் கொக்கிசும் தட்டு நிறைய வந்தன. இனிப்பை விடுவதாக நேர்ந்திருந்த பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். அம்மம்மாதான் தீர்ப்புச் சொன்னார்: "அயலவர் தந்ததை மறுப்பது அதைவிடப் பெரிய பாவம், சாப்பிடுங்கள்." சாப்பிட்டார்கள். நானும்தான்.

அம்மம்மாவிடம் காலத்தைப் பற்றி வேறு ஒரு கதையும் இருக்கிறது. 1966இல் அரசாங்கம் ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, பௌத்தர்களின் போயா நாளை வார விடுமுறையாக்கியது. ஞாயிறு திரும்பி வந்தது 1971இல்தான். அந்த வருடங்களில் ஞாயிறு விடியற்காலைப் பூசை முடித்து, ஈரத் தலையோடு நேரே வேலைக்கு ஓடியதாகச் சொல்வார். சட்டம் பறித்தபோது விடியற்காலை எழும்பிக் காப்பாற்றிய நாளை, யாரும் கேட்காமலேயே நாங்கள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வகுப்புக்குக் கொடுத்துவிட்டோம். மகள் இப்போது மூன்றாம் தரம். ஐந்தாம் தரம் வரும்போது நான் எப்படி நடந்துகொள்வேன் என்று பார்க்கலாம். பெரிதாகச் சத்தியம் எதுவும் செய்யமாட்டேன்.

கடந்த ஆண்டு வீட்டில் மட்டுமாவது வேறு மாதிரிச் செய்து பார்ப்போம் என்று தொடங்கினோம். தயிர் வாங்கிச் சேர்ந்திருந்த மண்சட்டிகளில் ஆறை எடுத்தோம். வவுணதீவில் வயல் செய்யும் மாமா ஒரு பை விதைநெல்லும், சிறுபோக வைக்கோலில் ஒரு கட்டும் தந்தார். டிசம்பர் முதல் கிழமை நெல்லை இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் கட்டி, முளை விட்டதும் சட்டிகளில் தூவினோம். பாலன் குடிலைச் சுற்றிப் புல்லாக நிற்பதற்காக. அம்மா காலத்தில் எல்லா வீட்டிலும் செய்தார்கள். இப்போது பிளாஸ்டிக் புல்விரிப்பு கடையில் கிடைக்கிறது.

முதல் விதைப்பு அழுகிப்போனது. சட்டிகளை முற்றத்தில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டோம். மாரி மழை இரவோடிரவாக எல்லாவற்றையும் குளமாக்கிவிட்டது. மகள் அழுதாள். மாமாவிடம் தொலைபேசியில் முறையிட்டாள். "எனக்கும் வயலில் இதுதான் நடந்தது, மகள். திரும்ப விதைப்போம்" என்றார் அவர். அந்த ஆறுதல் நான் சொன்ன எதையும்விட நன்றாக வேலை செய்தது. இரண்டாம் விதைப்பைத் திண்ணைக்கு எடுத்தோம். தினமும் காலையில் அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதினாள்.

குடிலில் பாலனைக் கிடத்தும் தீவனத் தொட்டியான முன்னிட்டியை வெறுமையாக வைத்திருந்தோம். நல்ல காரியம் ஒன்று செய்தால் ஒரு வைக்கோல் போடலாம் என்பது சட்டம். மூன்றாம் நாள் மகன் ஒரு கைப்பிடி வைக்கோலைக் கொண்டுவந்து போட்டான். என்ன இவ்வளவு என்று கேட்டால், "நாளைக்குச் செய்யப்போவதற்கும் சேர்த்து" என்றான். கடனில் புண்ணியம்! தகப்பனைப் போல.

பாலனின் சொரூபத்தைத் துணியில் சுற்றி அலுமாரியில் ஒளித்து வைத்திருந்தேன். 18ஆம் திகதி இரண்டு வயதுக் கடைக்குட்டி அதைக் கண்டெடுத்துவிட்டாள். தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். பிடுங்கினால் ஊர் கூடும்படி அழுகை. இரவு அணைத்துக்கொண்டு தூங்கினாள். அந்த ஒரு கிழமை என் நாட்காட்டிச் சட்டமெல்லாம் அவளுடைய போர்வைக்குள் கிடந்தது. 24ஆம் திகதி இரவு பூசையால் வந்து, முன்னிட்டியில் வைப்பதற்கு அவளிடமே கெஞ்சித்தான் வாங்கினோம். நெற்பயிர் ஒரு சாண் உயரத்தில் நின்றது. மகன் விழித்திருந்தான்.

26ஆம் திகதிக்கு வருகிறேன். எங்கள் ஊரில் அது வேறு நாள்.

2004இல் எனக்குப் பதினைந்து வயது. நாங்கள் அப்போது கல்லடியில் இருந்தோம். 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், திருச்சபையில் திருக்குடும்பத் திருவிழா. வெள்ளி இரவுதானே பூசைக்குப் போனோம், இன்றைக்கும் ஏன் என்று நானும் தம்பியும் சண்டை பிடித்தோம். அம்மா கேட்கவில்லை. பாலம் கடந்து புளியந்தீவுக்கு இழுத்துக்கொண்டு போனார். சுனாமியாகக் கடல் வந்தபோது நாங்கள் பாலத்துக்கு இந்தப் பக்கம். வீட்டில் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. ஜனவரியில் பாடசாலை திறந்தபோது கடலோர டச்பாரிலிருந்து வரும் என் வகுப்புத் தோழியின் கதிரை வெறுமையாக இருந்தது.

மாதாதான் உங்களைக் காப்பாற்றினார் என்று உறவினர்கள் இன்றும் சொல்வார்கள். நான் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. கடலோர நாவலடியிலும் செபமாலை சொன்னவர்கள் இருந்தார்கள். டச்பாரில் எங்களைவிட ஒழுங்காகப் பூசைக்குப் போனவர்கள் இருந்தார்கள்.

அடுத்த ஆண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், புளியந்தீவு மரியாள் ஆலயத்துக்குள்ளேயே பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். அதற்கும் முன்னால் 1990 ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அமெரிக்க இயேசு சபைக் குரு ஹெபர்ட் பாதர் வந்து சேரவேயில்லை. என் அப்பா மிக்கேல் கல்லூரியில் அவரிடம் கூடைப்பந்து பழகியவர். ஒவ்வொரு ஆகஸ்ட் 15உம் பூசை முடிந்து வந்து ஒரு மணி நேரம் யாரோடும் பேசமாட்டார். பிறகு 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. குண்டு வெடித்த சீயோன் தேவாலயம் எங்கள் சபை அல்ல, ஆனால் அங்கே ஞாயிறு வகுப்புக்குப் போன பிள்ளைகளும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான். அடுத்த ஞாயிறு கர்தினால் மல்கம் ரஞ்சித் ஒப்புக்கொடுத்த பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். பெரியவளுக்கு அப்போது ஒன்றரை வயது. மடியில் இருந்து திரையைப் பார்த்துக் கை கூப்பினாள். இன்று திருநாள் என்றால் வாசலில் பொலிஸ் நின்று பையைத் திறந்து பார்ப்பது என் பிள்ளைகளுக்கு இயல்பான விடயம். மகன் அவர்களுக்கு சல்யூட் அடிப்பான். அவர்களும் பாலனைப் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் இன்னும் திருத்தவில்லை.

இதையெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லாமல் இந்த ஊரில் வளர்க்க முடியாது. கடற்கரைக்குப் போனால் பெயர் பொறித்த கல் நிற்கிறது, வாசிக்கத் தெரிந்த பிள்ளை வாசிக்கத்தான் செய்யும். எனக்குத் துணையாக இருப்பது அந்தப் பழைய நாட்காட்டிதான். 25 பாலன். 26 கல்லெறிந்து கொல்லப்பட்ட முடியப்பர். 28 ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகள். குடிலுக்குப் பக்கத்திலேயே சாவையும் வைத்திருக்கிறார்கள், எதையும் மூடி மறைக்கவில்லை. நத்தாரை 25ஆம் திகதி சுருட்டி வைத்துவிட்டால், 26ஆம் திகதி எங்கள் கையில் இருப்பது சாவு மட்டும்தான்.

கடந்த 26ஆம் திகதி காலை ஐவருமாகக் கல்லடிக் கடற்கரைக்குப் போனோம். 9.25க்கு நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம். கடைக்குட்டிக்கு மௌனம் என்றால் என்னவென்று தெரியாது, காகத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். மகள் தன் சட்டிகளில் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். நினைவுக்கல் அருகே வைத்துவிட்டு, "இதற்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?" என்று கேட்டாள். மழை இருக்கிறதே என்றேன். உப்புக் காற்றில் நெல் நிற்காது என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் மீதி ஐந்து சட்டிகளையும் குடிலைச் சுற்றி இடைவெளி தெரியாமல் நகர்த்தி வைத்தாள்.

ஒளிவிழாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பாடசாலையில் இந்த முறை மரியாளாக நடிப்பவள் ஓர் இந்துப் பிள்ளை. தாயார் நீல நிறச் சேலை தேடிக் கடை கடையாக ஏறி இறங்குகிறார். அந்த அழகை யார் கெடுப்பார்கள்? பாடசாலை விடுமுறைக்கு முன் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியும் எனக்குத் தெரியும். திகதியைத்தான் சொல்கிறேன். இராசாக்களே வழி தேடித் தேடிப் பிந்தித்தான் வந்தார்கள். ஜனவரியில் அவர்களோடு சேர்ந்து நாமும் வந்தால் என்ன?

அதிபரிடம் இன்று மறுபடியும் போய்க் கேட்டேன். பொறுமையாகத்தான் கேட்டார். ஜனவரியில் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி தொடங்கிவிடும், மண்டபம் கிடைக்காது என்றார். அடுத்த வருடம் பார்ப்போம் என்றும் சொன்னார். பிறகு, வானதூதர்களின் இறகுகள் போன வருடம் மழையில் நனைந்து கிழிந்துவிட்டன, டீச்சர்தான் நன்றாகத் தைப்பீர்கள் என்றார்.

பன்னிரண்டு சோடி. வியாழக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். யாரிடமாவது வெள்ளை வலைத்துணி மீதி இருந்தால் சொல்லுங்கள்.