வெந்நீரும் தேனும் தொப்பையைக் கரைக்குமா?

காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் தேனும் எலுமிச்சைச் சாறும் கலந்து குடித்தால் தொப்பைக் கொழுப்பு கரைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் தகவல் உண்மையன்று. எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த வாணலியை வெந்நீர் ஊற்றிக் கழுவிப் பழகிய நமக்கு இது பொருத்தமாகவே தோன்றும். ஆனால் குடித்த நீர் சற்று நேரத்தில் உடலின் 37 டிகிரி வெப்பத்துக்கு வந்துவிடுவதால், கொழுப்புச் செல்களை அது வெந்நீராகச் சென்று தொடுவதே இல்லை. உணவில் கிடைக்கும் ஆற்றலைவிடச் செலவாகும் ஆற்றல் மிகும்போதுதான் சேமித்த கொழுப்பு சிதைந்து, அதன் பெரும்பகுதி கரியமில வாயுவாக மூச்சு வழியே வெளியேறுகிறது. தேனிலோ, ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறத்தாழ 60 கலோரி இருக்கிறது. சர்க்கரை போட்ட காபியை விட்டுவிட்டுத் தேன் சேர்க்காத எலுமிச்சை நீர் குடிப்பவருக்கு எடை சற்றுக் குறையலாம். அதற்குக் காரணம் எலுமிச்சை அன்று, குறைந்த சர்க்கரைதான். நீரிழிவு உள்ளவர்கள் தேனையும் சர்க்கரைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.