வேகத்துக்குத் தலைவணங்கலாம், வாய்க்கு எதற்கு?

கார் பந்தயத்தில் முந்துவது ஒரு கலை என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் கேட்டால், 1986 ஆகஸ்ட்டில் ஹங்கேரியின் ஹங்கரோரிங் தடத்தின் முதல் வளைவில் பிரேசில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நெல்சன் பிக்கே, தம் நாட்டவரான அயர்டன் சென்னாவைக் கடந்ததைத்தான் நான் காட்டுவேன். முதலில் உள்பக்கமாக நுழைந்து பார்த்தார். கார் அகலமாக விலகியதால் பிடித்த இடத்தை உடனே சென்னாவிடம் பறிகொடுத்தார். சில சுற்றுகள் கழித்து அதே வளைவுக்கு, இம்முறை யாரும் துணியாத வெளிப்பக்கமாக வந்தார். சக்கரங்கள் வழுக்க, காரின் பின்புறம் ஒருபக்கமாக ஒதுங்க, ஸ்டியரிங்கை எதிர்த்திசையில் திருப்பிப் பிடித்தபடியே சென்னாவைத் தாண்டிப் போனார். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி அது.

அதே மனிதர் 1988 தொடக்கத்தில், மூன்றாவது உலகப் பட்டம் கைக்கு வந்த சூட்டோடு, பிரேசில் இதழ் ஒன்றுக்கு அளித்த பேட்டியில், முந்தைய ஆண்டு வரை தம் அணித்தோழராக இருந்த நைஜல் மான்செலைப் படிப்பறிவற்ற மடையர் என்று ஏசினார். அது போதாதென்று மான்செலின் மனைவியின் தோற்றத்தையும் இழிவாகப் பேசினார். அந்தக் காலத்திலேயே சென்னாவின் தனிப்பட்ட வாழ்க்கையைப் பற்றி இரட்டை அர்த்தத்தில் பேசி வம்பை வளர்த்தவரும் அவர்தான். பல ஆண்டுகள் கழித்து 2021இல், இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடத்தில் ஓட்டுநர்கள் லூயிஸ் ஹாமில்டனும் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனும் மோதிக்கொண்டதைப் பற்றிய ஒரு பேட்டியில், கறுப்பினத்தவரான ஹாமில்டனை அவருடைய நிறத்தைச் சுட்டும் சொல்லால் குறிப்பிட்டார். 2022 ஜூனில் அந்தப் பேட்டி உலகத்தின் கண்ணில் பட்டபோது ஃபார்முலா ஒன் நிர்வாகம், கார் பந்தயங்களின் உலகக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்ஐஏ, ஹாமில்டனின் மெர்சிடிஸ் அணி என எல்லாத் தரப்பிலிருந்தும் கண்டனம் வந்தது. பிக்கே மன்னிப்புக் கேட்டார். ஆனால் இனவெறி நோக்கத்தோடு தாம் எதையும் சொல்லவில்லை என்ற விளக்கத்தையும் கூடவே வைத்தார்.

இப்படி ஏதாவது வெளியாகும்போதெல்லாம் ரசிகர்களிடமிருந்து தவறாமல் வரும் பதில் ஒன்று உண்டு: அந்தத் திமிர் இல்லையென்றால் அந்த வேகமும் இல்லை, பட்டங்களை ரசிப்பவர்கள் குணத்தையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பந்தய வரலாற்றைப் புரட்டினால் இந்த வாதம் நிற்காது. 72 பந்தயங்களில் 25 வெற்றிகளைக் குவித்த ஜிம் கிளார்க், ஸ்காட்லாந்தின் ஆட்டுப்பண்ணையிலிருந்து வந்த கூச்ச சுபாவி. ஐந்து முறை உலக சாம்பியனான ஃபாங்கியோவின் பணிவைப் பற்றி அவரோடு போட்டியிட்டவர்களே புகழ்ந்து பேசினார்கள். வேகமும் வாய்த்துடுக்கும் ஒட்டிப் பிறந்தவை அல்ல என்பதற்கு இந்த இருவருமே போதும்.

அதைவிட முக்கியமாக, பிக்கேயின் பட்டங்களையே எடுத்துப் பார்க்கலாம். 1981இல் போட்டியாளர் ராய்டமானை ஒரே ஒரு புள்ளியில் முந்தினார். 1983இல் பிஎம்டபிள்யூ எஞ்சின் பூட்டிய பிரபாம் காரில், டர்போ எஞ்சினோடு பட்டம் வென்ற முதல் ஓட்டுநரானார். 1987இல் மான்செல் ஆறு பந்தயங்களை வென்றார், பிக்கே வென்றது மூன்றுதான். ஆனாலும் இமோலாவில் நேர்ந்த மோசமான விபத்துக்குப் பிறகு, இரண்டாம் இடங்களாகச் சேர்த்துச் சேர்த்தே பட்டத்தைக் கொண்டுபோனார். இவையெல்லாம் ரத்தம் கொதிக்கும் மனிதரின் வெற்றிகள் அல்ல. கணக்குப் போட்டு, பொறுமை காத்து, எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று தெரிந்தவரின் வெற்றிகள். அத்தனை நிதானம் கைவந்தவர், ஒரு பேட்டியாளரின் முன்னால் உட்கார்ந்து இன்னொருவரின் மனைவியைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசினால், அது அடக்கமுடியாத குணத்தின் கசிவு அல்ல. அவர் யோசித்துச் செய்தது.

இதனால்தான் 1982இல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் தடத்தில் நடந்ததை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முன்னணியில் போய்க்கொண்டிருந்த பிக்கேயின் கார்மீது, ஒரு சுற்றுப் பின்தங்கியிருந்த எலிசெயோ சலாசார் மோதிவிட, இருவரும் இறங்கியதும் பிக்கே அவரை அடிக்கவும் உதைக்கவும் பாய்ந்தார். இருவர் தலையிலும் ஹெல்மெட். பார்க்க அசிங்கம்தான். ஆனாலும் வெற்றி கைநழுவிய நொடியின் கோபம் அது; சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேசிய பேச்சு அல்ல. என்னைப் பொறுத்தவரை அந்த உதையைவிட 1988 பேட்டிதான் கனமான குற்றம்.

அவர் மனத்தில் பட்டதைப் பட்டென்று சொல்பவர், அவ்வளவுதான் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பட்டென்று சொல்வதை ஒரு நற்குணமாகவே நானும் மதிக்கிறேன். அதனால்தான் இன்னொரு உலக சாம்பியனான நிக்கி லாடாவை எனக்குப் பிடிக்கும். 1991 மே மாதம் அவருடைய விமான நிறுவனத்தின் போயிங் 767 தாய்லாந்துக் காட்டில் விழுந்து 223 பேர் இறந்தபோது, அவர் நேரில் போய் நின்றார். பறந்துகொண்டிருக்கும்போதே ஒரு எஞ்சினின் உந்துவிசையைத் திருப்பும் அமைப்பு தானாகத் திறந்துகொண்டதுதான் காரணம் என்று தெரிந்த பிறகும் போயிங் மழுப்பலாகப் பேச, உண்மையை வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று அந்த நிறுவனத்தை விடாமல் நெருக்கினார். லாடாவின் பேச்சும் கடுமையானதுதான், மரியாதைப் பூச்சு எதுவும் இருக்காது. ஆனால் அவர் முட்டிய இடம் தம்மைவிடப் பலமடங்கு பெரியது; அவர் சொன்னதால் யாரோ முன்பின் தெரியாதவர்களின் உயிருக்குப் பாதுகாப்பு கூடியது. மான்செலின் மனைவியை இழிவுபடுத்தியதால் யாருக்கு என்ன கிடைத்தது?

நம்மவர் ஒருவர் இந்த வாய்வம்புக்குள் மாட்டிக்கொண்டதும் உண்டு. 2012 மார்ச்சில் மலேசியாவின் செபாங்கில் மழைப் பந்தயம். கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன், வரிசையில் கடைசியில் நின்ற எச்ஆர்டி அணியின் காரில், மழை டயரோடு தொடங்கிய ஒரே காரணத்தால் பந்தயம் இடையில் நிறுத்தப்பட்டபோது பத்தாம் இடத்தில் இருந்தார். அன்று இரண்டு உலக சாம்பியன்கள் அவரோடு மோதினார்கள். முதலில் ஜென்சன் பட்டன்; தம் காரின் முன் இறக்கை உடைந்து அன்றைய பந்தயமே பாழானபோதும், தவறு தம்முடையது என்று ஒப்புக்கொண்டார். பிறகு நான்காம் இடத்தில் போய்க்கொண்டிருந்த செபாஸ்டியன் வெட்டல், ஒரு சுற்றுப் பின்தங்கிய நரேனைத் தாண்டும்போது டயர் உரசிக் கிழிந்து, புள்ளி ஏதுமில்லாமல் பதினொன்றாவதாக முடித்தார். சாலையில் இருப்பதுபோலவே இங்கேயும் முட்டாள்கள் ஓட்டுகிறார்கள் என்ற பொருளில் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். நடுவர்கள் நரேனுக்கு இருபது நொடி தண்டனை விதித்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அந்த வார இறுதியில் பட்டனும் வெட்டலும் பேசிய விதத்தில் இருந்த வித்தியாசத்துக்குப் பட்டங்களின் எண்ணிக்கை காரணமில்லை. வெட்டலிடம் இரண்டு இருந்தன, பட்டனிடம் ஒன்று. கூடுதல் பட்டம் கூடுதல் உரிமையைத் தருமென்றால், நரேனை ஏசும் உரிமையை வெட்டல் சம்பாதித்துவிட்டார் என்று கோவையில் யாராவது ஒப்புக்கொள்வார்களா?

வெட்டலின் கதை அங்கேயே முடிந்துவிடவில்லை என்பதுதான் எனக்கு சுவாரசியம். அஜர்பைஜானின் பாகுவில் 2017இல், ஆபத்து நேரத்தில் எல்லாக் கார்களையும் மெதுவாக்க முன்னே போகும் சேஃப்டி காருக்குப் பின்னால் ஹாமில்டனின் காரை வேண்டுமென்றே இடித்த அதே மனிதர், 2021இல் ஹங்கேரியின் தேசிய கீதம் இசைக்கும்போது, அந்நாட்டின் புதிய சட்டத்தால் பாதிக்கப்பட்ட பால்புதுமையினருக்கு ஆதரவாக வானவில் சட்டையோடு நின்றார். கீதத்துக்கு முன் அதைக் கழற்றாததற்காகக் கண்டிக்கப்பட்டார். 2020இல் இத்தாலியின் முகெல்லோ தடத்தின் வெற்றி மேடையில், அமெரிக்கக் காவலர்கள் சுட்டுக்கொன்ற கறுப்பினப் பெண் பிரியோனா டெய்லரின் கொலைக்கு நீதி கேட்கும் சட்டையோடு ஹாமில்டன் ஏறியதும் இந்த வகைதான். அதன் பிறகு மேடையில் என்ன உடுத்தலாம் என்பதற்கே எஃப்ஐஏ விதி எழுதியது. இவர்கள் இருவரையும் பிக்கேயோடு ஒரே தட்டில் வைத்து, ஓட்டுநர்கள் வாயை மூடிக்கொண்டு காரை ஓட்டினால் போதும் என்று சொல்பவர்களோடு எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாதவருக்காகப் பேசுவதும், அப்படிப்பட்டவரையே குறிவைத்துப் பேசுவதும் ஒன்றாகுமா? எஃப்ஐஏவுக்கு இந்த வேறுபாடு புரிவதாகத் தெரியவில்லை. 2024இல் சிங்கப்பூரில் வெர்ஸ்டாப்பன் தம் காரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னதற்குச் சமூகப் பணித் தண்டனை விதித்தது. கார் மனம் நோகும் என்று நினைத்தார்களோ என்னவோ.

சரி, பிக்கேயை என்ன செய்வது? பட்டங்களில் கைவைக்க யாருக்கும் உரிமையில்லை. அவருடைய மூன்று பட்டங்களும் 23 வெற்றிகளும் தடத்தில், விதிப்படி, கண்ணெதிரே வென்றவை. அவர் வாயைத் திறந்து எதைச் சொன்னாலும் ஹங்கரோரிங் வளைவின் அழகு ஒரு துளியும் குறையாது. குறைகிறது என்று நடிப்பதும் ஒருவகைப் பொய்தான். ஆனால் சாதனை வேறு, மரியாதை வேறு. சாதனை அவருடைய சொத்து. சிறப்பு விருந்தினர் நாற்காலி, கௌரவ உறுப்பினர் அட்டை, பந்தய வளாகத்துக்குள் நடமாடும் அனுமதி ஆகியவை அழைப்பவர்களின் சொத்து; வேண்டும்போது கொடுக்கலாம், வேண்டாதபோது நிறுத்தலாம். பிரிட்டிஷ் பந்தய ஓட்டுநர் சங்கம் 2022இல் அவருடைய கௌரவ உறுப்பினர் தகுதியை இடைநிறுத்தியபோது, ஒரு ஜாம்பவானை அவமதித்துவிட்டார்கள் என்று புலம்பியவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள். அவரை அழைக்காமல் இருப்பதற்கு எந்தச் சங்கமும் சாதனைப் பட்டியலைப் பார்த்து அனுமதி வாங்க வேண்டியதில்லை.

பிரேசிலே இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தது. பிக்கேயின் பேட்டி வெளிச்சத்துக்கு வந்த அதே 2022ஆம் ஆண்டு நவம்பரில், அவர் வளர்ந்த பிரசிலியா நகரில், அந்நாட்டு நாடாளுமன்றத்தின் கீழவை லூயிஸ் ஹாமில்டனை அழைத்து கௌரவக் குடியுரிமை வழங்கியது.