ஆமினாவுக்கும் மிரியமுக்கும் தடை போட்டது யார்?

சட்டப்படி பார்த்தால், 'தி வேர்ல்ட் அன்சீன்' நாவலில் வரும் ஆமினாவும் மிரியமும் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

1952ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் ஒரு வெள்ளைக்காரரும் ஓர் இந்தியப் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டால் அந்தக் கல்யாணம் செல்லாது. 1949ல் அதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். கல்யாணம் இல்லாமல் சேர்ந்து இருந்தால் ஜெயில். அதற்கு 1950ல் இன்னொரு சட்டம். யார் எந்த இனம் என்று பதிவேட்டில் எழுத 1950லேயே மற்றொன்று. சந்தேகம் வந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள், பென்சில் நழுவி விழுந்தால் ஒரு இனம், சிக்கிக்கொண்டால் வேறு இனம். இப்படி மனிதர்களின் படுக்கையறை வரைக்கும் எட்டிப் பார்த்த அரசாங்கம், இரண்டு இந்தியப் பெண்கள் ஒருவரையொருவர் நேசிப்பதைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை.

ஷமிம் சரிஃப் எழுதிய அந்த நாவலைப் பற்றித்தான் சொல்கிறேன். 2001ல் வந்தது. அவருடைய பெற்றோர் தென்னாப்பிரிக்க இந்தியர்கள், நிறவெறி ஆட்சி வேண்டாம் என்று 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குப் போனவர்கள். சில ஆண்டுகள் கழித்து அவரே இதைப் படமாகவும் எடுத்தார். 'வாட்டர்' படத்தில் நடித்த லிசா ரேதான் அதில் மிரியம். ஆமினாவாக நடித்தவர் ஷீத்தல் ஷேத். படம் பார்த்தவர்கள் நம்மில் கொஞ்சம் பேர் இருப்பார்கள். நாவலை வாசித்தவர்கள் மிகக் குறைவு. அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இந்தப் புத்தகம் சொல்லும் ஒரு விஷயத்தை நாம் எல்லோரும் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

கதை பெரிய சிக்கலானது இல்லை. ஆமினா பிரிட்டோரியாவில் ஒரு கபே நடத்துகிறாள். பேன்ட் போடுகிறாள், கார் ஓட்டுகிறாள், கல்யாணப் பேச்சு எடுத்தால் நழுவுகிறாள். ஜேக்கப் என்ற கலப்பினத்தவர் அவளுடைய தொழில் கூட்டாளி. மிரியம் இந்தியாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், பிள்ளைகளின் தாய். கணவன் உமர், ஊருக்கு வெளியே தள்ளி இருக்கும் ஒரு சின்ன இடத்தில் கடை வைக்கிறான். சமைப்பது, துவைப்பது, கடையில் நிற்பது, அவன் முகம் பார்த்து நடப்பது என்று மிரியமின் நாள் போகிறது. இந்த இரண்டு பெண்களும் சந்திக்கிறார்கள், மெல்ல மெல்ல மனசு போகிறது. அவ்வளவுதான் கதை.

சரி, இந்தக் காதலைத் தடுப்பது யார்? 'நிறவெறிக் காலத்துக் காதல் கதை' என்று பின்னட்டையில் படித்துவிட்டு உள்ளே போனால், போலீஸ் வந்து இவர்களைப் பிரிக்கப்போகிறது என்று எதிர்பார்ப்போம். போலீஸ் வரத்தான் செய்கிறது. ஆனால் வேறு காரணங்களுக்காக வருகிறது. இவர்கள் இருவருக்கும் நடுவில் நிற்பது உமரும், உமரின் அண்ணன் தம்பி குடும்பமும், ஆமினாவுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பெரியவர்களும், கபேயில் டீ குடித்துக்கொண்டே அவளுடைய உடையைப் பற்றிப் பேசும் ஊர்க்காரர்களும். எல்லோரும் இந்தியர்கள். எல்லோரும் அதே சட்டத்தால் மிதிபட்டவர்கள். இந்த நாவலின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். தன்னைச் சுற்றி வெள்ளையன் போட்ட வேலியை அனுபவித்த சமூகம், உள்ளே தன் பெண்களைச் சுற்றி இன்னொரு வேலியைத் தன் கையாலேயே போட்டது. போட்டதோடு நிற்கவில்லை, அதற்குப் பண்பாடு என்று பெயரும் வைத்தது.

அந்தக் காலச் சட்டத்தில் ஒரு விவரம் என்னை ரொம்ப நாள் விடவில்லை. யார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம், கடை வைக்கலாம் என்று பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தில், ஒரு பெண் வேறு இனத்து ஆணைக் கல்யாணம் செய்தாலோ அவனோடு சேர்ந்து வாழ்ந்தாலோ, அவனுடைய குழுவிலேயே அவளையும் சேர்த்துவிட வழி இருந்தது. பிறப்பு எதுவாகவும் இருக்கட்டும், அவள் யாருடன் படுக்கிறாளோ அந்த ஆணை வைத்துத்தான் அவள் யார் என்று முடிவாகும். இப்படி யோசிக்கும் ஒரு சட்டத்தால் ஆண் இல்லாத ஒரு காதலை எப்படிப் பார்க்க முடியும்? 1966ல் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு வீட்டு விருந்தில் போலீஸ் புகுந்து, அதன் தொடர்ச்சியாக 1969ல் ஓரினச்சேர்க்கைக்கு எதிரான சட்டத்தைக் கடுமையாக்கியபோதும் குறி ஆண்கள்தான். இரண்டு பேருக்கு மேல் கூடினால் அது 'விருந்து', அங்கே ஆண்கள் தொட்டுக்கொண்டால் குற்றம் என்று எழுதினார்கள். பெண்களை விட்டது கருணையால் இல்லை. பெண்ணுக்கென்று தனியாக ஒரு ஆசை இருக்கும் என்றே அவர்கள் நினைக்கவில்லை.

உமர் குடும்பமும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் நினைக்கிறது.

உமருக்குத் தன் சகோதரன் மனைவி ஃபராவோடு தொடர்பு இருக்கிறது. ஒரே குடும்பத்துக்குள், ஒரே சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்காரும் ஆட்களுக்குள் நடக்கிறது. இது பற்றி வீட்டில் பூகம்பம் எதுவும் வரவில்லை. ஆனால் மிரியம் ஒரு புத்தகத்தை எடுத்து வாசித்தாலோ, ஆமினா வந்து சமையலறையில் நின்று இரண்டு வார்த்தை பேசினாலோ உமரின் முகம் மாறுகிறது. அவன் கை நீட்டவும் செய்கிறான். குடும்ப மானம் என்பது ஆண் எங்கே போகிறான் என்பதில் இல்லை, பெண் எங்கே போகிறாள் என்பதில் மட்டும்தான் இருக்கிறது என்று சரிஃப் எங்கும் எழுதவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

அங்கிருந்த இந்தியர்கள் ஏன் இப்படி இறுகிப்போனார்கள் என்று கேட்டால் வரலாற்றில் பதில் இருக்கிறது. அதில் நம்மவர்களுக்கும் பங்கு இருக்கிறது. சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பலில் 1860 நவம்பரில் டர்பனில் இறங்கிய ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறகு வடக்கே, பிரிட்டோரியா இருந்த டிரான்ஸ்வால் வரைக்கும் போனார்கள். அங்கே 1885லேயே ஆசியர்களுக்குக் குடியுரிமை கிடையாது, ஒதுக்கிய இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. 1913ல் நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்பில், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத திருமணங்கள் செல்லாது என்றார். ஒரே நாளில் இந்து, முஸ்லிம் மனைவிமார்கள் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் வைப்பாட்டிகள் ஆனார்கள். அந்த அவமானம்தான் பெண்களைத் தெருவுக்குக் கொண்டுவந்த காரணங்களில் ஒன்று. ஜெயிலுக்குப் போய் உடம்பு கெட்டு 1914 பிப்ரவரியில் 16 வயதில் செத்துப்போன தில்லையாடி வள்ளியம்மை அந்தப் போராட்டத்தின் பிள்ளை.

நிலம் உன்னுடையது இல்லை, ஓட்டு இல்லை, கடையை எப்போது காலி செய்யச் சொல்வார்கள் என்று தெரியாது, உன் கல்யாணமே செல்லாது என்கிறார்கள். இந்த நிலையில் ஒரு சமூகம் 'இது மட்டும் எங்களுடையது' என்று எதைப் பிடித்துக்கொள்ளும்? வீட்டை. வீட்டில் இருக்கும் பெண்ணை. அதன் வலி எனக்குப் புரிகிறது, அதை நான் கொச்சைப்படுத்த மாட்டேன். ஆனால் அந்தப் பிடிக்குள் மூச்சு முட்டியது யாருக்கு என்று கேட்காமல் விடவும் மாட்டேன். 1946 சத்தியாகிரகத்தில் டர்பனின் தமிழ் மருத்துவர் டாக்டர் குணம் ஜெயிலுக்குப் போனார். அவரைப் போல எத்தனையோ பெண்கள் போனார்கள். போராட்டத்துக்குப் பெண்ணை அனுப்பச் சம்மதித்த வீடுகள், தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்ய அதே பெண்ணை விட்டனவா?

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு வாதம் வரும். முதலில் பெரிய எதிரியை முடிப்போம், வீட்டு விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், வெளியாள் முன்னால் நம்மை நாமே ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பார்கள். சாதி பற்றிப் பேசும் கூட்டங்களில் இதைக் கேட்டிருக்கிறேன், இன அரசியல் பேசும் கூட்டங்களிலும் கேட்டிருக்கிறேன். அந்த 'அப்புறம்' வந்து நான் பார்த்ததில்லை. நாவலில் இதற்குப் பதிலாக ரெஹ்மத் வருகிறாள். உமரின் சகோதரி. வெள்ளைக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்து பாரிஸில் வாழ்பவள், ஊருக்கு வந்த இடத்தில் போலீஸ் தேடுகிறது. அவளை ஒளித்து வைத்துக் காப்பாற்ற ஆமினா தன் கபேயையே பணயம் வைக்கிறாள். ஊர் யாரை ஒழுக்கமில்லாதவள் என்கிறதோ அவள்தான் அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்காக போலீசின் முன் நிற்கிறாள். பெரிய எதிரியோடு உண்மையில் மோதுவது, வீட்டுக்குள்ளும் பணியாத இவள்தான். மானம் மானம் என்று பேசியவர்கள் அந்த நேரத்தில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதிகள் தோட்டமும் காரும். உமரின் கடைக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் போட ஆமினா வருகிறாள். வெயிலில் மண்ணைக் கொத்துகிறாள், மிரியம் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள். காதல் வசனம் எதுவும் பெரிதாக இல்லை. நகத்துக்குள் மண் அடைத்த ஒரு பெண்ணின் கையை இன்னொரு பெண் பார்க்கிறாள், பார்த்ததற்காகத் தானே பயந்துபோய்க் கண்ணை எடுக்கிறாள். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, பிள்ளை கூப்பிடுகிறது, கடையில் ஆள் வந்திருக்கிறது. மிரியமுக்கு ஆசைப்படவே நேரம் இல்லை. இந்த நேரமின்மையை இவ்வளவு துல்லியமாக எழுதிய காதல் கதைகள் அதிகம் இல்லை. அப்புறம் ஆமினா அவளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். ஸ்டியரிங்கைப் பிடித்த மிரியமுக்கு, தான் சொல்கிற பக்கம் ஒரு பொருள் திரும்புகிறது என்பதே புதுசு. முத்தக் காட்சியைவிட அந்தப் பக்கங்களில்தான் எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

குறை இல்லாத புத்தகம் இல்லை இது. நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்கள் இதில் ஓரத்தில்தான் நிற்கிறார்கள், வேலைக்காரர்களாக, கடைக்கு வருபவர்களாக. இந்திய வணிகர்களுக்கும் அவர்களுக்கும் இருந்த கசப்பு 1949 ஜனவரியில் டர்பனில் கலவரமாகவே வெடித்து 142 பேர் செத்தார்கள். அந்தக் கசப்பின் ஆழத்துக்குள் நாவல் இறங்கவில்லை. ஜேக்கப்புக்கும் ஒரு வெள்ளைப் பெண்ணுக்கும் இடையில் மலரும் நட்பு, மனசைப் பிசையும் பகுதி, அதற்கு இன்னும் நூறு பக்கம் கொடுத்திருக்கலாம். ஆமினா சில இடங்களில் தவறே செய்யாதவளாக இருக்கிறாள், அதுவும் உறுத்தியது.

இதெல்லாம் பழைய கதை, இப்போதுதான் தென்னாப்பிரிக்காவில் எல்லாம் மாறிவிட்டதே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாலின ஈர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிய முதல் நாடு அதுதான். 2006 நவம்பரிலிருந்து அங்கே இரண்டு பெண்கள் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம். ஆனால் 2008 ஏப்ரலில், அந்த நாட்டுப் பெண்கள் கால்பந்து அணியில் ஆடிய யூடி சிமெலானே, பெண்ணை நேசிப்பவள் என்று வெளிப்படையாக வாழ்ந்தவர், தன் சொந்த ஊரான க்வாதேமாவில் கும்பல் வன்புணர்வு செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். சட்டப் புத்தகம் அவர் பக்கம்தான் இருந்தது. தெரு இல்லை.

நாவலின் முடிவு போதவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டு பேரும் ஊரைவிட்டு ஓடவில்லை, உமருக்குத் தண்டனை கிடைக்கவில்லை, என்ன முடிவு இது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மிரியம் ஆமினாவின் கபேயில் சமையல் வேலைக்குப் போக முடிவெடுக்கிறாள். அதைக் கணவனிடம் அனுமதியாகக் கேட்கவில்லை, செய்தியாகச் சொல்கிறாள். அத்தனை வருடம் அந்த வீட்டில் சம்பளமில்லாமல் சமைத்தவளுக்கு அதே சமையலுக்கு இனிமேல் கூலி உண்டு, அந்தக் காசு அவள் கைக்கு வரும், தினமும் வீட்டைவிட்டு வெளியே போக ஒரு காரணம் இருக்கும். பிள்ளைகளோடு இருக்கும் ஒரு பெண் 1952ல் எடுக்கக்கூடிய முடிவு இது. ஓடிப்போவதைவிட இதற்குத் துணிச்சல் அதிகம் வேண்டும் என்றே சொல்வேன், ஏனென்றால் அவள் சாயங்காலம் அதே வீட்டுக்குத்தான் திரும்பி வர வேண்டும்.

யாராவது இதைத் தமிழில் கொண்டுவந்தால் நல்லது. மொழிபெயர்ப்பாளர் நண்பர்கள் இந்தப் பதிவைப் பார்த்தால் தயவுசெய்து யோசியுங்கள்.