கோடியக்கரையில் மே மாதம் பூநாரைக் கூட்டமா?

“மே லீவுக்குக் கோடியக்கரை போங்க, ஆயிரக்கணக்கில் பூநாரை (ஃபிளமிங்கோ)!” என்று கொடைக்கானலில் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் வேனே பேசிவிட்டது.

அது தவறு. மே நம்ம கொடைக்கானலுக்குத்தான் சீசன். கோடியக்கரைக்கு வலசைப் பறவைகள் வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் வரும். நவம்பர் முதல் ஜனவரி வரை பார்க்க நல்ல காலம். முழங்கால் ஆழத் தண்ணீரில் பூநாரை கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாக முக்கி, சேற்றுநீரை வடிகட்டித் தின்னும். அதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்!

சரி, மே மாதம்தான் போக முடியும் என்பவர்கள் வெளிமானைப் பார்க்கலாம். 1967-இல் கோடியக்கரைச் சரணாலயம் அமைந்ததே அதைக் காக்கத்தான். ஆண்மானின் முறுக்குக் கொம்பைக் கவனியுங்கள். பறவைதான் வேண்டுமென்றால் வேனை டிசம்பருக்கு மாற்றுங்கள். பைனாகுலரை மறக்க வேண்டாம்.