வாங்குகிற கை குனியக் கூடாது

வெளிநாட்டில் வெள்ளம், புயல், பஞ்சம் என்று செய்தி வந்ததும் பழைய துணி மூட்டை கட்டுவதும் கண்ணில் பட்ட வங்கிக் கணக்குக்குப் பணம் போடுவதும்தான் நமக்குப் பழக்கம். மனசு நல்ல மனசுதான். அந்தத் துணி துறைமுகத்தில் மட்கிப் போனதா, அந்தப் பணம் யார் வீட்டு அடுப்பை எரித்தது என்று திரும்பிக் கேட்பவர்கள் குறைவு. தைவானின் ட்சூ சி பௌத்த அறக்கட்டளை செய்வதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: பணத்தைத் திரட்டுவதைவிட அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரிய வேலை. நம் சங்கங்களும் கோவில் அறக்கட்டளைகளும் கற்றுக்கொள்ள அங்கே நிறைய இருக்கிறது.

1966இல் ஹுவாலியென் என்ற கிழக்குக் கரை ஊரில் செங் யென் என்ற பிக்குணி (பௌத்தப் பெண் துறவி) இதைத் தொடங்கினார். கூட இருந்தது சில பிக்குணிகளும் 30 இல்லத்தரசிகளும். பிக்குணிகள் ஆளுக்குத் தினம் ஒரு ஜோடி குழந்தைக் காலணி கூடுதலாகத் தைத்து விற்றார்கள். இல்லத்தரசிகள் சந்தைக்குப் போகும் முன் மூங்கில் உண்டியலில் 50 காசு போட்டார்கள். மாதம் 15 தைவான் டாலரை மொத்தமாகக் கொடுத்தாலும் கணக்கு ஒன்றுதான். ஆனால் தினமும் போட்டால்தான் தினமும் அடுத்தவர் நினைவு வரும் என்று செங் யென் பிடிவாதமாக இருந்தார். சந்தையில் காய்கறி விற்பவரிடம் பேச்சுவாக்கில் சொல்லியே அது ஊரெங்கும் பரவியது. இன்றைக்கும் அந்த மடத்துப் பிக்குணிகள் நன்கொடையில் சாப்பிடுவதில்லை, சொந்த உழைப்பில்தான் வாழ்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போகும் தன்னார்வலர்களும் விமான டிக்கெட், தங்குமிடம் எல்லாவற்றையும் சொந்தக் காசில் பார்த்துக்கொள்கிறார்கள். நன்கொடை கேட்பவருக்கு இதைவிட வலுவான சான்றிதழ் வேண்டாம்.

வெளிநாட்டு உதவி 1991இல் வங்கதேசப் புயலோடு தொடங்கியது. இப்போது அவர்களின் நடைமுறை ஏறக்குறைய இப்படி இருக்கிறது.

முதலில் ஆட்கள் போய் இடத்தைப் பார்க்கிறார்கள். உள்ளாட்சியிடம் பெயர்ப் பட்டியல் வாங்குகிறார்கள், ஆனால் அதை அப்படியே நம்புவதில்லை. வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்கிறார்கள். முக்கால்வாசித் தவறுகள் பிறப்பது இந்தப் பட்டியலில்தான். ஊர்ப் பெரியவர் கொடுக்கும் பட்டியலில் அவருடைய சொந்தக்காரர்கள் முதலில் இருப்பார்கள். வாடகைக்குக் குடியிருப்பவர், அடையாள அட்டை வெள்ளத்தில் போனவர், தனித்து வாழும் விதவை, ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் இருப்பவர் எல்லாம் விடுபட்டுப் போவார்கள். ஒரே அடுப்பில் சாப்பிடும் வீடு இரண்டு பெயரில் பதிவாகியிருக்கும். ஒரே கூரையின் கீழ் மூன்று அடுப்பு எரியும் வீடு ஒரு பெயரில் நிற்கும். கூரையை எண்ணாமல் அடுப்பை எண்ணுங்கள் என்று நிவாரண வேலை செய்பவர்கள் சொல்வது இதனால்தான்.

சரிபார்த்த பிறகு அந்தந்த வீட்டிலேயே சீட்டு கொடுக்கிறார்கள். எந்த நாள், எந்த நேரம், எந்த இடம், எத்தனை பேருக்கு என்று அதில் இருக்கும். விநியோக நாளில் சீட்டும் அட்டையும் பார்த்துக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குகிறார்கள். சீட்டு இல்லாமல் லாரியைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நமக்கே தெரியும். வலுத்தவன் மூன்று மூட்டை தூக்குவான், கிழவி மிதிபடுவாள். பொருளை இரண்டு கைகளாலும் ஏந்தி, இடுப்பு வளையக் குனிந்து கொடுப்பது இவர்கள் வழக்கம். வாங்கியதற்கு நன்றி என்று கொடுப்பவரே சொல்கிறார். இதைச் சடங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. வரிசையில் நிற்பவரின் முகத்தைப் படம் பிடித்துப் பதாகை அடிக்கும் நம் ஊர் வழக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அளவிலும் கவனம் வேண்டும். நிவாரண உணவில் பொதுவாக ஒருவருக்கு ஒரு நாளைக்கு அரிசி 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம் என்று கணக்கிடுவார்கள். ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரு மாதம் என்றால் அரிசி 60 கிலோ, பருப்பு 9 கிலோ, எண்ணெய் 3.75 கிலோ. 5 கிலோ அரிசிப் பையைக் கொடுத்துவிட்டு 'ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினோம்' என்பவர்கள் இரண்டரை நாளைக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். எந்த அரிசி என்பதும் முக்கியம். குட்டையாக, ஒட்டும் பதத்தில் இருக்கும் அரிசியை நீள அரிசி சாப்பிடும் ஊருக்கு அனுப்பினால் பாதி மூட்டை பாதி விலைக்குச் சந்தைக்குப் போய்விடும். கண்டெய்னர் ஏறுவதற்கு முன்பே அந்த நாட்டில் பதிவு பெற்ற அமைப்பின் பெயரில் பெறுநர் விவரமும் சுங்க வரிவிலக்குக் கடிதமும் கையில் இருக்க வேண்டும். கப்பல் கிளம்பிய பிறகு கடிதத்துக்கு அலைந்தால் துறைமுக வாடகை பொருளின் விலையையே தின்றுவிடும்.

சந்தை மீண்டுவிடும் இடம் என்றால் பணமே மேல். 2013இல் ஹையான் புயலில் பிலிப்பைன்ஸின் தக்லோபன் நகரம் சிதைந்து, மக்கள் ஊரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். ட்சூ சி அங்கே வேலைக்குக் கூலி திட்டம் கொண்டுவந்தது. சொந்தத் தெருவின் இடிபாடுகளை அள்ள நாளுக்கு 500 பெசோ. அந்த வட்டாரத்தின் வழக்கமான தினக்கூலியைவிட அது மிக அதிகம். மூன்று வாரத்துக்குள் ஏறக்குறைய 3 லட்சம் ஆள்-நாள் (ஒருவர் ஒரு நாள் செய்வது ஒரு ஆள்-நாள்) வேலை நடந்தது. தெரு சுத்தமானது, கையில் காசு வந்தது, காசு வந்ததால் கடை திறந்தது. பிறகு குடும்ப அளவுக்கேற்ப 8,000, 12,000, 15,000 பெசோ என்று நேரடியாகக் கொடுத்தார்கள். மூன்று பேர் வீட்டுக்கும் எட்டுப் பேர் வீட்டுக்கும் ஒரே தொகை கொடுப்பது பார்வைக்குச் சமத்துவம், நடப்பில் அநியாயம்.

மதம் பற்றியும் சொல்ல வேண்டும். ட்சூ சி பௌத்த அமைப்பு என்றாலும் உதவி வாங்குபவரை மதம் மாறச் சொல்வதில்லை. இந்தோனேசியாவில் பரூங் ஊரின் நூருல் ஈமான் இஸ்லாமிய உறைவிடப் பள்ளிக்கு அரிசி கொடுத்ததும் இவர்கள்தான். மலேசியாவில் பினாங்கில் 1997 முதல் இலவச டயாலிசிஸ் மையம் நடத்துகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் ஹம்பாந்தோட்டையில் 649 வீடுகள் கட்டிக்கொடுத்தார்கள். பெரிய பணி. ஆனால் அப்போது இலங்கை அரசு தென்கரையில் 100 மீட்டர், வடகிழக்கில் 200 மீட்டர் என்று கடலோரத் தடை விதித்ததால் பல இடங்களில் மறுகுடியேற்றம் உள்நாட்டுப் பக்கம் தள்ளிப் போனது. கடலை நம்பிப் பிழைப்பவருக்குக் கடலிலிருந்து தூரமாக வீடு கொடுத்தால் வலை, இயந்திரம், படகு எல்லாவற்றையும் கரையில் காவலில்லாமல் விட வேண்டும், தினம் போய்வரச் செலவும் ஆகும். யார் கட்டினாலும் இந்தச் சிக்கல் வரும். வீடு கட்டும் அமைப்பு, செங்கலுக்கு முன்பே பேருந்து வழித்தடம், தண்ணீர் இணைப்பு, மனைப்பத்திரம் மூன்றையும் அரசிடம் எழுத்தில் வாங்க வேண்டும். பத்திரம் கணவன் பெயரில் மட்டும் இருந்தால் அவர் இறந்த மறுவருஷம் அந்தப் பெண் தெருவுக்கு வரலாம். இருவர் பெயரிலும் கேட்க வேண்டும்.

இப்போது நேபாளத்தின் லும்பினியிலும் பீகாரின் புத்தகயாவிலும் ட்சூ சியின் மலேசிய, சிங்கப்பூர் தன்னார்வலர்கள் இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். இவர்களுக்கோ வேறு எந்த அமைப்புக்கோ நீங்கள் பணம் அனுப்புவதாக இருந்தால் அனுப்பும் முன் கேளுங்கள்: பட்டியலை யார் எடுத்தது, யார் சரிபார்த்தது, விடுபட்டவர் எங்கே முறையிடலாம், ஆட்களின் பயணச் செலவு எந்தக் கணக்கில் ஏறுகிறது, ஆறு மாதம் கழித்து அந்த வீடுகளுக்கு யார் திரும்பிப் போவார்கள். ஒழுங்காக வேலை செய்பவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்கள், தாளை எடுத்துக் காட்டுவார்கள்.